கிணற்று நீரும் உர மூட்டையும்

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தார் 2024-ஆம் வருஷத்திற்கென வெளியிட்ட நீர்த்தர அறிக்கை, ஒரு நாள் செய்தியாகப் பத்திரிகைகளில் தோன்றி மறுநாள் மறைந்து போயிற்று. அவ்வளவு எளிதில் மறந்துவிடத்தக்க அறிக்கையன்று அது. தேசமெங்கும் 15,000-க்கு மேற்பட்ட இடங்களில் எடுத்த நிலத்தடி நீரைச் சோதித்துப் பார்த்ததில், நூற்றுக்கு ஏறத்தாழ 20 இடங்களில் நைட்ரேட் என்னும் உப்பு, அனுமதிக்கப்பட்ட அளவாகிய லிட்டருக்கு 45 மில்லிகிராமைக் கடந்திருக்கிறது. ராஜஸ்தானத்திலும் கர்நாடகத்திலும் சோதித்த நீரில் ஏறக்குறையப் பாதி இவ்விதம் கெட்டிருக்கிறது. மூன்றாவது ஸ்தானம் தமிழ்நாட்டிற்கு. இங்கே நூற்றுக்கு 37. இந்தக் குற்றம் காணப்பட்ட ஜில்லாக்கள் 2017-ல் 359 ஆக இருந்தன. 2023-ல் 440 ஆயின. மிகவும் மோசமானவை என்று தனியே குறிக்கப்பட்ட 15 ஜில்லாக்களில் நமது விழுப்புரமும் ஒன்று.

குடிநீர் இல்லை என்றால் ஊர் திரண்டு குடத்துடன் சாலையில் வந்து நிற்கிறது. அதிகாரிகள் ஓடி வருகிறார்கள். நீர் இருந்து, அது கெட்டிருந்தால் யாரும் வருவதில்லை. நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கலங்கிய நீரைத் தெளிய வைக்கலாம். கிருமியுள்ள நீரைக் காய்ச்சிக் குடிக்கலாம். நைட்ரேட் கலந்த நீரையோ துணியில் வடிகட்டினாலும் அது போகாது. காய்ச்சினால் நீர் ஆவியாகிக் குறைவதனால் உப்பின் செறிவு சற்று ஏறவே செய்யும். இந்த ஒரு விஷயத்தையாவது நம் கிராமத்துத் தாய்மார்கள் யாவரும் அறிந்திருக்க வேண்டும். பச்சிளங்குழந்தைக்குக் காய்ச்சிய நீரில் மாவுப்பால் கலந்து கொடுப்பவர்கள் நன்மை செய்வதாக எண்ணிக்கொண்டே தீமை செய்துவிடக்கூடும்.

1945-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் அயோவா ராஜ்யத்தில் ஹண்டர் காம்லி என்ற வைத்தியர், பண்ணை வீடுகளில் குழந்தைகள் உடல் நீலம் பாய்ந்து நோயுறுவதற்குக் காரணம் அவ்வீட்டுக் கிணற்று நீரிலிருந்த நைட்ரேட்டே என்று எடுத்துக் காட்டினார். ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தையின் உடலில் இந்த உப்பு வேறு ரூபமடைந்து, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் கெடுக்கிறது. தாய்ப்பால் உண்ணும் குழந்தைக்கு இந்த அபாயம் மிகக் குறைவு. ஆயின், தாயில்லாத குழந்தையும், தாய் நோயுற்ற குழந்தையும், தாய் கூலிக்குப் போய்விட்ட குழந்தையும் நம் ஊர்களில் இல்லையா? உலக சுகாதார ஸ்தாபனம் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்றும், நமது தேசத்தார் 45 என்றும் வரம்பு கட்டியிருப்பது முக்கியமாக இக்குழந்தைகளை முன்னிட்டே.

நைட்ரேட் வருவது எப்படி?

பயிருக்கு நாம் இடும் யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் யூரியாவை முதலில் அம்மோனியமாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தொழு உரமும் பசுந்தாளும் மக்கும்போதும் முடிவில் இதே மாறுதல்தான் நிகழ்கிறது. அம்மோனியம் களிமண் துகள்களுடன் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. நைட்ரேட்டை அத்துகள்கள் விலக்கித் தள்ளுகின்றன. ஆகவே, பயிரின் வேர் பற்றிக்கொள்ளாத நைட்ரேட், நீர் போகும் வழியே தானும் போகிறது. நீர் வாகனம், நைட்ரேட் அதிலேறிச் செல்லும் பிரயாணி. வாகனம் வேருக்குக் கீழே இறங்காவிடில் பிரயாணியும் இறங்கப் போவதில்லை. உரத்தைப் பற்றிப் பேசும்போது பாசனத்தையும் சேர்த்துப் பேச வேண்டுவதற்குக் காரணம் இதுவே.

இந்தச் சேதத்தின் அளவை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது ஏறக்குறைய 20.7 கிலோ தழைச்சத்து. அதில் பாதி, அதாவது அரை மூட்டையிலுள்ள சத்து, பயிருக்குப் பயன்படாமல் நைட்ரேட்டாக மாறி நிலத்தடிக்குப் போய்விடுவதாக வைத்துக்கொள்வோம். அது சுமார் 46 கிலோ நைட்ரேட் ஆகும். முற்றிலும் தூய்மையான 10 லக்ஷம் லிட்டர் நீரை, குடிக்கத்தக்க வரம்பின் கடைசி எல்லைக்குக் கொண்டுவந்து நிறுத்த அது போதும். ஓர் ஏக்கரில் வீணாகும் அரை மூட்டை, ஒரு சிற்றூரின் பல நாளையக் குடிநீரைப் பாழாக்கும் வலிமையுடையது. இட்ட தழைச்சத்தில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் பாதிக்கும் குறைவே என்பது விவசாய சாஸ்திரிகளின் முடிவு. மிச்சம் முழுவதும் கீழே போவதில்லை. ஒரு பகுதி காற்றில் கலக்கிறது. ஒரு பகுதி மண்ணில் தங்குகிறது. வயலில் நீர் நிற்கும்போது ஒரு பகுதி வாயுவாக மாறிப் போகிறது. என்றாலும், கீழே இறங்கும் பகுதி எவ்வளவு சிறியதாயினும் வருஷந்தோறும் சேர்ந்துகொண்டே வருகிறது என்பதை மறக்கலாகாது.

தமிழ்நாட்டின் பூமியமைப்பும் இதற்கு இடங்கொடுக்கிறது. நமது ராஜ்யத்தின் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப்பாறை. அப்பாறையின்மேல் உதிர்ந்து கிடக்கும் படிவத்திலும் பாறை வெடிப்புகளிலுமே நீர் தங்குகிறது. கொள்ளளவு சிறிது, ஆழமும் அதிகமில்லை. வயலில் கட்டும் நீர் சில காலத்தில் கிணற்றுக்கே திரும்புகிறது. கிணற்றிலிருந்து மறுபடியும் வயலுக்கு ஏறுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் நீர் ஆவியாகிக் குறைகிறது, உப்பு குறைவதில்லை. கரும்பும் வாழையும் மஞ்சளும் காய்கறியும் கிணற்றுப் பாசனத்தில் நெருக்கமாகப் பயிராகும் தோட்டக்கால்களில் இந்தச் சுழற்சி இடைவிடாது நடைபெறுகிறது.

பழைய காலத்தில் கவலை கட்டி நீர் இறைத்தார்கள். ஒவ்வொரு சால் நீருக்கும் மாடும் மனிதனும் உழைக்க வேண்டியிருந்தது. அவ்வுழைப்பே நீருக்கு ஒரு விலையாக அமைந்து, வேண்டியதற்கு மேல் ஒரு சால்கூட இறைக்காதபடி செய்தது. உரமும் அப்படியே: ஆட்டுக்கிடைக்கும் எருவுக்கும் ஏரி வண்டலுக்கும் பணமும் வண்டியும் ஆளும் வேண்டியிருந்தன. கவலை கட்டிய அக்காலத்திற்குத் திரும்பிப் போகும்படி யாரும் குடியானவர்களுக்கு உபதேசம் செய்யப்போவதில்லை; அவர்களுடைய முதுகொடிந்த கஷ்டத்தை நாம் அறிவோம். ஆனால், உழைப்பு என்னும் தடை நீங்கிய இடத்தில் அளவு என்னும் அறிவை நாம் வைக்கத் தவறிவிட்டோம்.

குற்றம் யாருடையது?

குடியானவர் பேராசையால் உரத்தைக் கொட்டுகிறார் என்று பட்டணத்தில் இருந்துகொண்டு குறைகூறுவது சுலபம். அவர் அவ்வாறு செய்யும்படி தூண்டியது எது என்று விசாரிப்பதே நியாயம். 45 கிலோ யூரியா மூட்டைக்கு, வரியும் வேம்புப் பூச்சுக் கூலியும் நீங்கலாக, சர்க்கார் விதித்திருக்கும் விலை 242 ரூபாய். 2010-ஆம் வருஷத்தில் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டைச் சர்க்கார் தளர்த்தினர். யூரியாவை மாத்திரம் பழைய கட்டுப்பாட்டிலேயே வைத்தனர். மற்ற உரங்களின் விலை ஏறியது. யூரியா மலிவாகவே நின்றது. தழை, மணி, சாம்பல் சத்துக்கள் 4:2:1 என்ற விகிதத்தில் இருப்பது உத்தமம் என்பார்கள். 2009-10-ல் தேசம் இட்ட உரத்தின் விகிதம் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. மூன்றே வருஷத்தில், 2012-13-ல், அது 8.2:3.2:1 ஆகக் கோணிப்போயிற்று. குடியானவர் திடீரென்று அறிவிழந்துவிடவில்லை. விலை காட்டிய வழியில் அவர் நடந்தார். யார் வேண்டுமானாலும் அப்படித்தான் நடந்திருப்பார்கள்.

சாம்பல் சத்துக் குறைந்த பயிர் தழைச்சத்தை முழுவதும் பயன்படுத்திக்கொள்ள இயலாது. இலை மட்டும் கரும்பச்சையாகச் செழித்துக் கண்ணுக்கு அழகாக இருக்கும். பூச்சிக்கும் நோய்க்கும் அது விருந்தாகும். மணியோ அதற்கேற்ப ஏறாது. மலிவான உரத்தை வாங்கியவர் பிறகு விலையுயர்ந்த பூச்சி மருந்தை வாங்குகிறார். உர மான்யத்திற்காக மத்திய சர்க்கார் 2022-23-ஆம் வருஷத்தில் செலவிட்ட தொகை இரண்டரை லக்ஷம் கோடி ரூபாய். இதில் பெரும்பகுதி யூரியாவுக்கே போயிற்று. அந்த யூரியாவில் கணிசமான பங்கு காற்றிலும் நிலத்தடியிலும் கலந்தது. பிறகு, கெட்ட நீரைச் சுத்திகரிக்கும் யந்திரங்களுக்காகப் பொதுப்பணத்திலிருந்து மறுபடியும் செலவு செய்கிறோம். நஞ்சுக்கு ஒரு கையாலும் மாற்றுக்கு மற்றொரு கையாலும் பணம் கொடுக்கும் இந்தச் சிக்கனத்தை என்னவென்று சொல்வது?

மின்சாரத்தின் கதையும் இதைப் போன்றதே. 1990-ஆம் வருஷம் முதல் தமிழ்நாட்டில் விவசாயப் பம்புகளுக்கு மின்சாரம் இலவசம். அந்த உதவியினால் எத்தனையோ சிறு குடியானவர்களின் குடும்பங்கள் பிழைத்தன என்பதை நாம் மறுக்கவில்லை. அதைப் பறிக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆனால், தானே ஓடும்படி விசையைப் போட்டுவிட்டு வீட்டில் உறங்கும் வழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. மடை திறந்தபடி இரவு முழுவதும் பாயும் நீர், மாலையில் இட்ட மேலுரத்தை விடியுமுன் வேருக்குக் கீழே கொண்டுபோய்விடுகிறது. காலையில் குடியானவர் பார்ப்பது நனைந்த நிலத்தை. அவர் பார்க்க முடியாதது இறங்கிப்போன தமது பணத்தை.

மற்றொரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். நைட்ரேட் எல்லாம் வயலிலிருந்தே வருவதன்று. ஊருக்குள் இருக்கும் மலக்குழிகளும், கல்கட்டில்லாத சாக்கடைகளும், கிணற்றையொட்டிக் கிடக்கும் குப்பைமேடுகளும், மாட்டுக் கொட்டில்களும் இதே உப்பை நிலத்தடிக்கு அனுப்புகின்றன. நகரங்களின் நிலத்தடி நீர் கெட்டிருப்பதற்குக் கழிவுநீரே பெருங்காரணம். தங்கள் சாக்கடையைச் சீர்செய்யாத நகரசபைகள் குடியானவரை நோக்கி விரல் நீட்டும் யோக்கியதை உடையவை அல்ல.

பிற நாட்டார் அனுபவம்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா ராஜ்யம் மக்காச்சோள விவசாயத்திற்குப் பெயர்போனது. அங்கும் பாசனம் பெரும்பாலும் நிலத்தடி நீரையே நம்பி நடக்கிறது. அங்கும் அந்நீர் நைட்ரேட்டால் கெட்டது. 1972-ஆம் வருஷம் முதல் அந்த ராஜ்யத்தில் இயற்கை வள ஜில்லாக்கள் என்ற ஸ்தாபனங்கள் வேலை செய்து வருகின்றன. ஆற்றுப் படுகைகளை அனுசரித்து எல்லை வகுக்கப்பட்ட இந்த ஜில்லாக்கள் இப்போது 23. இவற்றின் அங்கத்தினர்களை அந்தந்தப் பிரதேசத்து ஜனங்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். வரி விதிக்கும் அதிகாரமும் இவற்றுக்கு உண்டு. தலைநகரிலிருந்து வரும் உத்தரவுக்காகக் காத்திராமல், தங்கள் நீரைத் தாங்களே காக்கும் சுயாட்சி அது.

அவற்றுள் ஒன்றாகிய மத்திய பிளாட் ஜில்லா, 1987-ல் ஓர் ஒழுங்குத் திட்டத்தை ஏற்படுத்தியது. கிணற்று நீரிலுள்ள நைட்ரேட் அளவைக் கொண்டு நிலங்களைப் படிப்படியாகப் பிரித்தார்கள். மணற்பாங்கான நிலத்தில் பயிரில்லாத இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் தழை உரம் இடுவதைத் தடுத்தார்கள். அதிகம் கெட்ட இடங்களில், மண்ணையும் பாசன நீரையும் சோதித்து, அவற்றில் முன்பே இருக்கும் தழைச்சத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை மாத்திரமே உரமாக இடவேண்டும் என்றும், வருஷந்தோறும் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். பலன் என்ன? மிகவும் கெட்டிருந்த ஒரு பகுதியில் 1986-க்கும் 2002-க்கும் இடையே நைட்ரேட், தழைச்சத்துக் கணக்கில் லிட்டருக்கு 26.4 மில்லிகிராமிலிருந்து 22 ஆகக் குறைந்தது என்று ஆராய்ச்சியாளர் கணித்தனர். அக்குறைவில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம், வாய்க்கால் வழியே நீரை ஓடவிடும் முறையை விட்டுத் தெளிப்பு நீர் முறைக்கு மாறியதே என்பது அவர்களுடைய முடிவு.

இதில் இரண்டு பாடங்கள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, உரத்தைக் குறைப்பதைப் போலவே நீரை அளந்து பாய்ச்சுவதும் பயன் தரும். இரண்டாவது, கெட்டுப்போன நிலத்தடி நீர் அவசரத்தில் திருந்துவதில்லை. 16 வருஷ உழைப்பிற்குப் பிறகும் அந்த நீர், அந்நாட்டு வரம்பாகிய 10-க்கு இருமடங்கு மேலேயே நின்றது. ஒரு தலைமுறை செய்த பிழையை மறு தலைமுறை சிறுகச்சிறுகக் கழுவ வேண்டியிருக்கிறது. இன்று தொடங்கினால் நம் பேரக்குழந்தைகள் பலனடைவர். நாளைக்குத் தள்ளினால் அவர்களுக்கும் இல்லை.

டென்மார்க்கு தேசத்தார் 1980-களின் நடுவிலிருந்து இதே காரியத்தில் ஈடுபட்டு, வயல்களிலிருந்து கசியும் தழைச்சத்தை 2003-க்குள் ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துவிட்டனர். குடியானவர் ஒவ்வொருவரும் உரக்கணக்கு வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதனால் அந்நாட்டு விவசாயம் அழிந்துவிடவில்லை.

எப்படிச் செய்யக்கூடாது என்பதற்கும் நமக்கு அருகிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2021-ஆம் வருஷத்தில் இலங்கைச் சர்க்கார் ரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் தடுத்து உத்தரவிட்டனர். போதிய எருவும் இல்லை, பயிற்சியும் இல்லை, அவகாசமும் இல்லை. நெல்லும் தேயிலையும் விளைச்சல் குன்றின. அதே வருஷம் நவம்பரில் தடையை நீக்க வேண்டியதாயிற்று. அந்தத் தீவின் வடக்கேயுள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. குடிநீர்க் கிணறும் தோட்டக் கிணறும் ஒரே சுண்ணாம்புப் பாறையிலிருந்துதான் நீரெடுக்கின்றன. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் நெருங்கப் பயிராகும் வலிகாமத்துச் செம்மண் நிலங்களில் நைட்ரேட் வரம்பு மீறியிருப்பதைப் பல ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. சீர்திருத்தம் மிகமிக அவசியமான இடம் அது. அங்கேயும்கூட, ஆத்திரத்தில் பிறந்த உத்தரவு சீர்திருத்தத்தின் பெயரையே கெடுத்துவிட்டதன்றி வேறெதையும் சாதிக்கவில்லை. அளவு கற்பிப்பது வேறு. அடியோடு நிறுத்துவது வேறு.

வயலில் செய்யத்தக்கவை

குடியானவர் விளைச்சலை இழக்காமலே செய்யக்கூடிய காரியங்கள் பல. அவற்றுள் முதன்மையானது, தம் கிணற்று நீரில் என்ன இருக்கிறது என்று அறிவது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள கிணற்று நீரை ஓர் ஏக்கருக்கு ஒரு போகத்தில் 500 மில்லிமீட்டர் உயரத்திற்குப் பாய்ச்சுவதாகக் கொண்டால், அந்நீரோடு கூடவே சுமார் 45 கிலோ தழைச்சத்து நிலத்தில் விழுகிறது. அது இரண்டு மூட்டை யூரியாவுக்கு மேலான சத்து! இதை அறியாத குடியானவர் முழு அளவு உரத்தையும் கடையில் வாங்கி இடுகிறார். அறிந்தவர் அதில் ஒரு பெரும்பகுதியை மிச்சம் பிடிக்கலாம். பயிரும் கிணற்றிலுள்ள நைட்ரேட்டை உறிஞ்சி நீரைச் சிறிது சிறிதாகச் சுத்தம் செய்யும். குடிப்பதற்குத் தீங்கான நீர், அறிவோடு பயன்படுத்தினால் பயிருக்கு உணவாகிறது.

இரண்டாவது, உரத்தைப் பகுத்து இடுவது. நாற்று வேர் பிடிக்குமுன் கொட்டிய உரத்தை எடுத்துக்கொள்ள வேர் ஏது? தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம் என்று பயிர் கேட்கும் வேளையில் கேட்கும் அளவு கொடுப்பதே முறை. நெல்லின் இலை நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் வண்ண அட்டை சில ரூபாய்ச் செலவில் இந்த வேளையைக் காட்டிக்கொடுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை நெருங்குகையில் மேலுரம் இடுவது, பணத்தை வாய்க்காலில் விடுவதற்கு ஒப்பாகும். 2015 முதல் தேசத்தில் விற்கும் யூரியா முழுவதற்கும் வேம்பு எண்ணெய்ப் பூச்சு கட்டாயமாக்கப்பட்டது நல்ல காரியமே. அது நைட்ரேட்டாகும் மாறுதலைத் தாமதப்படுத்துகிறது. ஆயினும், பூச்சை நம்பி அளவை மறந்தால் பயனில்லை.

மூன்றாவது, பாசனம். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கொடுக்கும் முறை நம் குடியானவர்களுக்குத் தெரிந்ததே. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பின் மீண்டும் பாய்ச்சினால் போதும். ஆனால், இதிலும் ஒரு கவனம் வேண்டும். வயல் காயும்போது மண்ணில் நைட்ரேட் உண்டாகிறது. அச்சமயம் வயலில் உரம் மிகுந்திருந்து, பின்னர் ஒரேயடியாக வெள்ளம்போல் நீர் கட்டினால், உண்டானதெல்லாம் கீழே இறங்கிவிடும். ஆகவே, நீர்ச் சிக்கனமும் உரப்பகிர்வும் கூடவே நடக்க வேண்டும். தோட்டக்கால் பயிர்களுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் உத்தமம். அதற்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவிகிதமும் மற்றவர்களுக்கு 75 சதவிகிதமும் தமிழ்நாட்டில் மான்யம் உண்டு. குழாய்களைப் பதித்ததோடு காரியம் முடிந்ததென்று எண்ணாமல், உரத்தையும் அந்த நீரிலேயே கரைத்துச் சிறிது சிறிதாக விடக் கற்பிக்க வேண்டும். மணிக்கணக்கில் ஓடவிட்டால் சொட்டுநீரும் நிலத்தடிக்குத்தான் போகும்.

நான்காவது, பயிர் மாற்றம். நெல்லுக்குப்பின் தரிசில் உளுந்தோ பயறோ தெளிப்பதும், தக்கைப்பூண்டையும் சணப்பையையும் மடக்கி உழுவதும் நம் முன்னோர் வழக்கம். நெல் விட்டுப்போன தழைச்சத்தை அடுத்த பயிரின் வேர் பிடித்து வைக்கிறது. அவரையினப் பயிரோ தனக்கு வேண்டியதில் பெரும்பகுதியைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆனால், எரு எவ்வளவு இட்டாலும் குற்றமில்லை என்ற நம்பிக்கை தவறு. அளவு மீறிய எருவும் நைட்ரேட்டாகித்தான் கிணற்றுக்குப் போகும். குடிநீர்க் கிணற்றருகே தோண்டிய எருக்குழியும் அப்படியே.

சர்க்கார் செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு, 2015-16-ஆம் வருஷத்து விவசாயக் கணக்கின்படி முக்கால் ஹெக்டேர். இரண்டு ஏக்கருக்கும் குறைவு. நெப்ராஸ்காவைப்போல் ஒவ்வொருவரிடமும் அதிகாரியை அனுப்பிக் கணக்குக் கேட்பது இங்கே நடவாத காரியம். நடந்தாலும் அது லஞ்சத்திற்கு ஒரு புது வாசலைத் திறந்துவிடும். ஆகவே, கிராமத்தையே ஒரு பண்ணையாகக் கருதிக் காரியம் செய்ய வேண்டும்.

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் கிராமந்தோறும் பெண்களுக்கு நீர் சோதிக்கும் பயிற்சியும் சோதனைப் பெட்டியும் கொடுப்பதென்று ஏற்பாடு. அப்பெட்டியால் நைட்ரேட்டையும் பார்க்கலாம். குடிநீர்க் குழாயோடு நின்றுவிடாமல், மழைக்கு முன்னும் பின்னும் ஊரின் பாசனக் கிணறுகளையும் அவர்களைக் கொண்டே சோதித்து, முடிவைப் பஞ்சாயத்துச் சுவரில் யாவரும் காண எழுதி வைக்க வேண்டும். மார்ச்சு 22-ஆம் தேதி உலக நீர் தினத்தன்று தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. அன்று அந்த அளவுகளை வாசிப்பதைவிடப் பொருத்தமான காரியம் வேறென்ன இருக்க முடியும்?

2015-ல் ஏற்பட்ட மண்வள அட்டையில் 12 குணங்கள் குறிக்கப்படுகின்றன. கிணற்று நீரின் நைட்ரேட்டுக்கு அதில் இடமில்லை. பதின்மூன்றாவதாக அதையும் சேர்த்து, அதற்கேற்ப உர சிபார்சைக் குறைத்து எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவொன்றும் இல்லை, மனம் வேண்டும்.

யூரியா மான்யத்தைக் குறைப்பதற்கு எந்தச் சர்க்காரும் அஞ்சுகிறது. அஞ்சுவதில் நியாயமுண்டு. ஆகவே தொகையைக் குறைக்காமல் போகும் வழியை மாற்றலாம். மூட்டைக் கணக்கில் தருவதற்குப் பதிலாக ஏக்கர்க் கணக்கில் குடியானவர் கையிலேயே கொடுத்து, எல்லாச் சத்துக்களையும் நியாயமான விலையில் நிறுத்தினால், மிச்சம் பிடிப்பவருக்கு மிச்சம் சொந்தமாகும். குத்தகைக்கு உழுகிறவருக்கும் அது போய்ச் சேரும்படி பார்ப்பது அவசியம். 2023-ல் மத்திய சர்க்கார் ஏற்ற பிரணாம் திட்டத்தின்படி, ரசாயன உரத்தைக் குறைக்கும் ராஜ்யத்திற்கு மிச்சமான மான்யத்தில் பாதி திரும்பக் கிடைக்கும். அப்பணத்தை நீர்ச் சோதனைக்கும் பாசனச் சீர்திருத்தத்திற்கும் ஒதுக்குவதே முறை. மின்சாரத்திலும் இதே வழி உண்டு. 2018-ல் பஞ்சாபில் ஒரு பரீக்ஷை தொடங்கினார்கள்: இலவசத்தை நீக்காமல், ஒதுக்கிய அளவில் மிச்சம் பிடித்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் குடியானவருக்கு 4 ரூபாய் கொடுத்தார்கள். தண்டனையின்றிச் சிக்கனத்தைப் பழக்கும் யோசனை இது. தமிழ்நாட்டிலும் சோதித்துப் பார்க்கத்தக்கது.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2003-ல் தமிழ்நாடு நிலத்தடி நீருக்கென ஒரு சட்டம் செய்தது. 2013-ல் அதை ரத்து செய்தது. நீர் எவ்வளவு எடுக்கலாம் என்ற கேள்விக்கே நாம் விடை காணவில்லை. அது எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வி இன்னும் சட்டசபையின் வாசலுக்குக்கூட வரவில்லை. குடிநீர்க் கிணறுகளைச் சுற்றி ஒரு பாதுகாப்பு எல்லை வகுத்து, அதற்குள் மலக்குழியும் எருக்குழியும் மிகை உரமும் கூடாதென்று விதித்து, அதனால் நஷ்டமடையும் குடியானவருக்கு ஈடு தரும் ஒரு சிறு சட்டமாவது உடனே வேண்டும்.

இது குடியானவருக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வழக்கு என்று யாரும் எண்ண வேண்டாம். கெட்ட கிணற்று நீரை முதலில் குடிப்பது குடியானவர் குடும்பமே. அவருக்கு அடுத்தபடி குடிப்பவர், நிலமே இல்லாத கூலியாள். அவர் ஒரு மூட்டை உரமும் வாங்கியதில்லை. மான்யத்தில் ஒரு காசும் பெற்றதில்லை. கேன் தண்ணீர் வாங்கக் கையில் பணமும் இல்லை. ஊர்க் கைப்பம்பில் வருவதைத்தான் அவர் குழந்தை குடிக்க வேண்டும். பிறர் லாபத்தில் பங்கில்லாதவர் பிறர் பிழையில் மாத்திரம் முழுப்பங்கு பெறுவதை எந்த நீதி ஏற்கும்?

கிணறு வெட்டுவது தர்மம் என்று கருதிய நாடு இது. வெட்டிய கிணற்றைக் கெடாமல் காப்பதும் அதே தர்மத்தின் மறுபாதி. வரும் மழைக்கு முன்பாகவே தமிழ்நாட்டுச் சர்க்கார், கெட்டவை என்று அறிக்கையே சுட்டிக்காட்டிய ஜில்லாக்களில், முதலாவதாக விழுப்புரத்தில், கிணற்றுச் சோதனையைத் தொடங்க வேண்டும். பஞ்சாயத்துக்கள் அதற்காகச் சர்க்காரை வற்புறுத்த வேண்டும். குடியானவர்கள் தங்கள் கிணற்று நீரை ஒரு சீசாவில் எடுத்துக்கொண்டு போய்ச் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்த அளவு தெரிந்துவிட்டால், அடுத்த மூட்டை உரத்தை அவிழ்க்கும் கை தானாகவே சற்று நின்று யோசிக்கும்.